275 சிசியா, 350 சிசியா? இரண்டு மருத்துவர்கள், இரண்டு அளவுகள்

மஞ்சக்குப்பத்தாள், கடலூர்:

வணக்கம். எனக்கு வயது 33. கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்குச் சென்று ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாய்ப்பால் கொடுத்தேன். இளையவன் பால் மறந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு மார்பகங்களின் மேற்பகுதி வற்றித் தட்டையாகிவிட்டது. தோல் மட்டும் தளர்ந்து நிற்கிறது. உயரம் 155 செ.மீ., எடை 50 கிலோ. ஓராண்டாக எடையில் ஏற்ற இறக்கம் இல்லை. மார்பகப் பெருக்க அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று தீர்மானித்து, அதற்கென்றே கட்டிவந்த சீட்டையும் எடுத்துவிட்டேன். செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்பதை நானும் என் கணவரும் பல மாதங்கள் பேசி முடித்துவிட்டோம். ஆகவே அந்தப் பகுதியைப் பற்றி யாரும் அறிவுரை எழுத வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் குழப்பம் அளவைப் பற்றியது. புதுச்சேரியில் நான் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன், இடுக்கி போன்ற ஓர் அளவுகோலை வைத்துப் பத்து நிமிடம் அளந்துவிட்டு, உள்ளே வைக்கும் சிலிகான் பைக்கு (இம்பிளாண்ட்) 275 சிசி, அதாவது 275 மில்லி, போதும் என்றார். இரண்டாவது கருத்துக்காகச் சென்னைக்குச் சென்றபோது, அங்கிருந்த மருத்துவர் நான் கைப்பேசியில் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, கண்ணாடி முன் நிறுத்தித் தோலைத் தூக்கிப் பார்த்து, 350 சிசிக்குக் குறைந்தால் மேற்பகுதி நிரம்பாது என்றார். இருவரும் தகுதி உடையவர்கள். இருவரும் அன்பாகவே பேசினார்கள். ஒரே உடம்புக்கு 75 சிசி வேறுபாடு எப்படி வருகிறது என்பதை இருவரிடமும் கேட்கும் துணிச்சல் அன்றைக்கு எனக்கு இல்லை.

இப்போது 32ஏ அணிகிறேன். 34சி அளவுக்கு வந்தால் போதும் என்று நினைக்கிறேன். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பிள்ளைகள் வியந்து பார்க்கும்படி இருக்கக் கூடாது. என் சித்தி மகளோ, "போடுவதுதான் போடுகிறாய், பெரிதாகவே போட்டுக்கொள், சிறிதாகப் போட்டவர்கள்தாம் பிறகு வருந்துகிறார்கள்" என்கிறாள். இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்களும் விவரம் அறிந்தவர்களும் வழி காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உப்புக்காற்று, அரியாங்குப்பம்:

உங்கள் சித்தி மகள் சொன்ன அதே வாக்கியத்தை 2012இல் எனக்கும் ஒருவர் சொன்னார், நானும் கேட்டேன். எனக்கு அப்போது 28 வயது. உங்களைப் போன்றே ஒல்லியான உடம்பு. இணையத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் படத்தின் கீழே 400 சிசி என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அந்த எண்ணையே மனத்தில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன். அந்தப் பெண்ணின் உயரம் என்ன, தோள் எவ்வளவு அகலம், அறுவைக்கு முன் அவளுக்கு எவ்வளவு மார்பகம் இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என் மருத்துவரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறொருவரிடம் போயிருப்பேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகள் மகிழ்ச்சியாகவே இருந்தேன். அதை மறைத்துப் பயனில்லை. அதற்குப் பின் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. கையைத் தொங்கவிட்டால் முழங்கைக்கு மேற்புறம் இம்பிளாண்டின் பக்கவாட்டு விளிம்பில் உரசும். குனிந்தால் உட்பக்கத்தில் துணி மடிந்ததைப் போலச் சுருக்க வரிகள் தெரியும். மேலே மூடியிருக்க வேண்டிய சதை மெலிந்து போனதே அதற்குக் காரணம் என்றார்கள். பிறகு இரண்டும் மெல்ல மெல்லக் கீழே சறுக்கின. மார்பின் அடி மடிப்பைத் தாண்டி இம்பிளாண்ட் இறங்கிவிட, காம்பு மேல்நோக்கிப் பார்க்கத் தொடங்கியது. 2020இல் அதை எடுத்துவிட்டு 260 சிசி வைத்து, விரிந்துபோன தோலை வெட்டிக் குறைத்து, கீழே மடிப்பைத் தைத்து உயர்த்தினார்கள். முதல் அறுவையில் மடிப்புக்குள் ஒளிந்திருந்த தழும்பு, இரண்டாவதில் காம்பைச் சுற்றியும் கீழ்நோக்கியும் நீண்டது. மெலிந்த சதை மட்டும் திரும்ப வரவில்லை.

பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று வருந்துபவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் முதல் ஆண்டில் வருந்துகிறார்கள். என்னைப் போன்றவர்கள் எட்டாவது ஆண்டில் வருந்துகிறோம், அப்போது யாரும் இணையத்தில் படம் போடுவதில்லை.

தாதியம்மா, புதுச்சேரி:

அறுவை அரங்கில் 26 ஆண்டுகள் செவிலியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவில். மருத்துவர் அல்லேன், ஆகவே உங்களுக்கு இந்த எண்தான் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் 75 சிசி வேறுபாடு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

முதலில், சிசி என்பது கொள்ளளவு மட்டுமே. அரை லிட்டர் பாலை அகலமான தாம்பாளத்திலும் ஊற்றலாம், குறுகலான செம்பிலும் ஊற்றலாம். பால் ஒன்றுதான், நிற்கும் உயரம் வேறு. இம்பிளாண்டும் அப்படியே. ஒரே 300 சிசி, முன்தள்ளல் (முன்னோக்கி எடுத்து நிற்கும் உயரம்) குறைந்த வகையில் ஏறத்தாழ 13 செ.மீ. அகலத்திலும், முன்தள்ளல் மிகுந்த வகையில் 11 செ.மீ.யை ஒட்டிய அகலத்திலும் கிடைக்கிறது. நிறுவனத்திற்கு நிறுவனம் சிறு மாற்றம் இருக்கும். ஆகவே "எத்தனை சிசி" என்ற கேள்விக்கு முன்னால் "எத்தனை செ.மீ. அகலம், எந்த முன்தள்ளல்" என்று கேட்க வேண்டும். உங்களுக்கு எண் சொன்ன இருவரும் வெவ்வேறு முன்தள்ளலை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

புதுச்சேரி மருத்துவர் இடுக்கியால் அளந்தது மார்பகத்தின் அடியகலத்தை. நெஞ்செலும்பை ஒட்டிய உள்விளிம்பிலிருந்து அக்குள் பக்க வெளிவிளிம்பு வரை நேர்கோட்டில் எடுக்கும் அளவு அது; தையற்காரர் டேப்பை வளைத்து எடுப்பதைப் போன்றதன்று. இம்பிளாண்டின் அகலம் இந்த அடியகலத்தை மீறக் கூடாது. இருபுறமும் உங்கள் சொந்தச் சதை சற்று மூடி நிற்க வேண்டுமாதலால், கொஞ்சம் குறைந்தே இருப்பது நல்லது. மீறினால் வெளிப்பக்கம் அக்குளை நோக்கித் தள்ளும், மேலே அரியாங்குப்பத்துச் சகோதரி எழுதியதைப் போல. உட்பக்கம் மீறினால், இம்பிளாண்டுக்காக உள்ளே உண்டாக்கும் இரண்டு அறைகளும் நெஞ்சின் நடுவே ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. அதைச் சரி செய்வது மிகக் கடினம். அத்தகைய மறு அறுவைகளில் மருத்துவர்கள் படும் பாட்டை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, மார்பகத்தின் மேற்பகுதியைக் கிள்ளிப் பார்க்கும் அளவு. கிள்ளிய மடிப்பின் தடிமன் 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், இம்பிளாண்டின் விளிம்பு வெளியே தெரியாமலிருக்க அதை மார்புத் தசைக்கு அடியில் வைக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. மூன்றாவது, காம்பைச் சுற்றியுள்ள தோலை முன்னோக்கி இழுத்தால் எவ்வளவு நீள்கிறது என்பது. நான்காவது, காம்பிலிருந்து அடி மடிப்பு வரை, தோலை நன்கு இழுத்துப் பிடித்த நிலையில் உள்ள தூரம். ஐந்தாவதாக, இப்போதுள்ள சுரப்பிச் சதையே அந்தத் தோற்பையை எவ்வளவு நிரப்புகிறது என்ற மதிப்பீடு. அமெரிக்காவின் டல்லஸ் நகரைச் சேர்ந்த ஜான் டெபட்ஸ், வில்லியம் ஆடம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட முறையில் இந்த அளவுகள்தாம் அடிப்படை. அடியகலம் ஒரு தொடக்க எண்ணைத் தரும். தோல் இழுவை 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அதிலிருந்து 30 சிசி கழிக்க வேண்டும், 3 செ.மீ.யைத் தாண்டினால் 30 கூட்ட வேண்டும் என்று அவர்களின் கணக்கு போகிறது. எல்லோரும் அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுவதில்லை. பழகிய கைகள் தம் கணக்கை வைத்திருக்கும். ஆனாலும் அளக்காமல் சொல்லப்படும் எண்ணை நான் நம்பமாட்டேன், சொல்பவர் யாராக இருந்தாலும்.

இப்போது சென்னை மருத்துவரைப் பார்ப்போம். அவர் தோலைத் தூக்கிப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தச் சொல்தான். பால் கொடுத்து வற்றிய மார்பகத்தில் காலியான தோற்பை ஒன்று மிச்சமிருக்கும். அதை இரண்டு வழிகளில் சீர்செய்யலாம்: பெரிய இம்பிளாண்டைத் திணித்து நிரப்புவது ஒன்று, தோலைக் குறைத்து உயர்த்திவிட்டு, உடம்புக்கு ஏற்ற சிறிய இம்பிளாண்டை வைப்பது மற்றொன்று. உயர்த்தினால் தழும்பு கூடும் என்பதற்காகச் சிலர் முதல் வழியை நாடுகிறார்கள். தளர்ச்சி சிறிதாக இருந்தால் அது சரியாகவும் அமையும். காம்பு கீழிறங்கிவிட்ட நிலையில் அதைச் செய்தால், தளர்ந்த தோலின் மேல் கூடுதல் எடை ஏறி, சில ஆண்டுகளில் முன்பைவிட அதிகமாகத் தொங்கும். 350 சிசி சிலிகான் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 350 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பிரா இல்லாமல் கண்ணாடி முன் நேராக நின்று, பள்ளிக்கூட அடிக்கோலை மார்பின் அடி மடிப்பில் படுக்கை வாட்டமாக வையுங்கள். காம்பு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, அதே மட்டத்தில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இருபுறமும் தனித்தனியே பார்த்துவிட்டு எழுதுங்கள். மேலே இருந்தால் இம்பிளாண்ட் மட்டும் போதுமானதாக இருக்கலாம். கீழே இருந்தால் 275, 350 என்ற பேச்சே முதற்கேள்வி ஆகாது. உயர்த்தும் அறுவை வேண்டுமா என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

நேரு வீதிக் கடைக்காரி, புதுச்சேரி:

பதினெட்டு ஆண்டுகளாகப் பெண்கள் உள்ளாடைக் கடையில் விற்பனையில் இருப்பவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: 34சி என்பதை மருத்துவரிடம் இலக்காகச் சொல்லாதீர்கள். சி என்ற எழுத்துக்குத் தனியே பொருள் கிடையாது. 34பி கிண்ணமும் 32சி கிண்ணமும் கொள்ளளவில் ஒன்றே. பட்டையின் நீளம்தான் வேறு. இப்போது 32 அணியும் நீங்கள் மார்புக்கூடு அகலமாகாமல் 34க்கு எப்படிப் போவீர்கள்? பட்டை 32 ஆகவேதான் இருக்கும். போதாக்குறைக்கு ஒரு நிறுவனத்தின் பி, மற்றொரு நிறுவனத்தின் சி போல இருக்கும். நம் ஊரில் பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த 90பியை எடுத்துக்கொண்டு கடைக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இங்கே 34பி என்று விளக்குவதற்குள் எனக்கு நேரம் போய்விடும். 150 முதல் 200 சிசிக்கு ஒரு கிண்ண அளவு கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். குறுகிய மார்புக்கூட்டில் அதே கொள்ளளவு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

அறுவை செய்துகொண்டவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, ஆறு மாதம் ஆகும் வரை விலையுயர்ந்த பிரா வாங்காதீர்கள் என்பதே. வீக்கம் வடிந்து, மேலே இறுகி நிற்பது கீழே இறங்கி அமரும் வரை அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

கூத்தாண்டவர் பிள்ளை, கடலூர் திருப்பாதிரிப்புலியூர்:

நான் திருநங்கை. மார்பக அறுவை செய்துகொண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்களின் கணக்கு உங்கள் கணக்கிலிருந்து கொஞ்சம் மாறுபடும். ஆனாலும் ஒப்பிட்டால் உங்களுக்கும் ஏதாவது விளங்கும் என்பதால் எழுதுகிறேன்.

ஆணாக வளர்ந்த உடம்பில் மார்புக்கூடு அகலம், தசை இறுக்கம், காம்புகள் சற்று விலகி இருக்கும். ஆகவே எனக்கு வைத்த 375 சிசி, அகலமான அடியில் பரவி, புடவையில் அளவாகத்தான் தெரிகிறது. அதே 375ஐ உங்களைப் போன்ற 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு வைத்தால் ஊர் பேசும். கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவுக்குக் கூடும்போது எங்களுக்குள் "உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை" என்ற பேச்சு வராமல் போகாது. ஒரே எண்ணைச் சொல்லும் நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நான்கும் வேறு வேறாக இருப்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். ஹார்மோன் எடுப்பவர்கள் அது தரும் வளர்ச்சியைக் குறைந்தது ஓராண்டு பார்த்துவிட்டு அறுவைக்குப் போவது நல்லது என்று என் மருத்துவர் சொன்னார். அதுவரை தோலும் இளகிக் கொடுக்கும்.

வீட்டில் அளவு போட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. நைலான் காலுறையில் அரிசியை நிரப்பி முடிந்து, மென்மையான விளையாட்டு பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாட வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் ஆழாக்கு இருக்கிறது. ஓர் ஆழாக்கு 168 மில்லி என்பதால் 275க்கு ஒன்றரை ஆழாக்கும் இன்னும் ஒன்றரை மேசைக்கரண்டியும் ஆகும். 350க்கு இரண்டு ஆழாக்கு, அதாவது ஓர் உழக்கு நிறைய எடுத்து, மேலே ஒரு மேசைக்கரண்டி போட வேண்டும். உங்கள் வீட்டுப் பாத்திரம் அந்த அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்பதைப் பிள்ளையின் பால் புட்டியில் உள்ள கோட்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எடைத் தராசில் 275 கிராம் அரிசி நிறுத்துவிடாதீர்கள். அரிசியின் இடையே காற்று இருப்பதால் 275 மில்லி அரிசி அதைவிடக் குறைவாகவே நிறுக்கும். அதனால்தான் இந்தச் சோதனை தோற்றத்தைக் காட்டுமே தவிர, உண்மையான கனத்தை முழுதாக உணர்த்தாது.

ஒரு நாள் 275, மறுநாள் 350 என்று போட்டுக்கொண்டு, பள்ளிக்குக் கட்டும் புடவையைக் கட்டிப் பாருங்கள், தங்கை. பெருக்குங்கள், பேருந்துப் படியில் ஏறுவதைப் போல மாடிப்படி ஏறுங்கள். கண்ணாடியில் ஐந்து நிமிடம் பார்ப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

மஞ்சக்குப்பத்தாள், கடலூர்:

அக்காமார்கள் அனைவருக்கும் நன்றி. தாதியம்மா சொன்னபடி அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். வலது காம்பு மடிப்புக் கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. மேலே இருக்கிறது. இடது காம்பு கோட்டின் மட்டத்திலேயே நிற்கிறது. இத்தனை ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாக இல்லை என்பதையே நான் கவனித்ததில்லை. கவனித்த பின் அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அரிசியையும் போட்டுப் பார்த்தேன். 275 வைத்து வழக்கமான பருத்திப் புடவையைக் கட்டியபோது, திருமணமான புதிதில் எடுத்த படத்தில் இருப்பதைப் போல இருந்தது. 350 வைத்தபோது ரவிக்கைக் கொக்கி ஏறவில்லை. என் கணவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சளி பிடித்திருக்கிறதா, உள்ளே கம்பளி போட்டிருக்கிறாயா" என்று கேட்டார். இவ்வளவு நாளும் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று மாலை சொல்ல வேண்டியதாயிற்று. அது இங்கே எழுத வேண்டிய கதை அன்று.

இரு பக்கமும் வேறு அளவு இருந்தால் இம்பிளாண்டும் வேறு அளவில் வைப்பார்களா?

தாதியம்மா, புதுச்சேரி:

வைப்பார்கள். முழுக்க ஒத்த இரண்டு மார்பகங்களை அரங்கில் நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். சிறிய பக்கத்திற்கு 25 அல்லது 50 சிசி கூட்டி வைப்பது வழக்கம். விலா எலும்பு ஒரு புறம் உள்வாங்கியிருந்தாலோ முதுகுத்தண்டு சற்று வளைந்திருந்தாலோ அதையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் இடது காம்பு தாழ்ந்திருப்பதை இம்பிளாண்ட் மட்டுமே சரிசெய்துவிடாது. அந்தப் பக்கம் மட்டும் சிறிய உயர்த்தல் வேண்டுமா என்று மருத்துவரிடம் நேரே கேளுங்கள்.

இன்னொன்று. 275ஆ 300ஆ என்பதில் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். 25 சிசி என்பது ஐந்து தேக்கரண்டி. அந்த வேறுபாட்டை உடை போட்ட பின் உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. ஒரே எண்ணைக் கல்லில் செதுக்குவதைவிட, "250 முதல் 300க்குள், அடியகலத்தை மீறாமல்" என்று ஒரு வரம்பை ஒப்புதல் படிவத்தில் எழுதி வாங்குவது புத்திசாலித்தனம். நல்ல மருத்துவர்கள் அரங்கில் இரண்டு, மூன்று அளவுகளை வைத்திருப்பார்கள். அளவு பார்ப்பதற்கென்றே உள்ள தற்காலிக இம்பிளாண்டை உள்ளே வைத்து, தோலைத் தற்காலிகமாகப் பிணைத்து, மயக்கத்தில் இருப்பவரை மேசையோடு உட்கார்ந்த நிலைக்கு நிமிர்த்திப் பார்த்துவிட்டு முடிவு செய்வதும் உண்டு. படுத்திருக்கும்போது சரியாகத் தெரிவது, நிமிர்த்தினால் சரியாக இருக்காது. அதே காரணத்துக்காக அறுவைக்கு முன் பேனாவால் கோடு போடுவதும் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதுதான்.

கடற்கரைச் சாலை, புதுச்சேரி:

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதால், இந்தச் செய்தி எங்கள் வீட்டில் அதிகம் அலசப்பட்ட ஒன்று. பிரான்சில் பிஐபி என்ற நிறுவனம், மருத்துவத் தரம் இல்லாத தொழிற்சாலை சிலிகானை நிரப்பி இம்பிளாண்ட் விற்றது 2010இல் வெளிப்பட்டது. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 30,000 பெண்கள் அவற்றை வைத்திருந்தனர். 2011 டிசம்பரில் அவற்றை அகற்றிவிடுமாறு அரசு அறிவுறுத்தியது. 2013இல் நிறுவனரான ழான் குளோத் மாஸுக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்து, சொரசொரப்பான மேற்பரப்பு உடைய சில வகைகளுக்கும் அரிய ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவந்ததால், 2019 ஏப்ரலில் பிரான்ஸ் அவற்றைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில் அல்லர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

இதற்கும் அளவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. துளி வடிவ இம்பிளாண்ட் உள்ளே திரும்பிவிட்டால் வடிவம் கெடும் என்பதால், அது திரும்பாமல் பிடித்துக்கொள்வதற்காகவே சொரசொரப்பாகச் செய்யப்பட்டது. வழவழப்பான வட்ட வகை சுழன்றாலும் தோற்றம் மாறாது. ஆகவே "எத்தனை சிசி" என்பதோடு எந்த வடிவம், எந்த மேற்பரப்பு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனத்தின் அளவுப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் அகலமும் முன்தள்ளலும் செ.மீ.யில் அச்சிடப்பட்டிருக்கும், அந்தப் பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

அறுவை முடிந்ததும் பெட்டியில் உள்ள வரிசை எண் ஒட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் அக்காவுக்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு மாற்ற வேண்டி வந்தபோது, எந்த அளவு, எந்த வகை என்பதற்கான சீட்டு அவளிடமும் இல்லை, அறுவை செய்த இடத்திலும் கிடைக்கவில்லை. புதிய மருத்துவர் திறந்து பார்த்த பிறகுதான் அளவே தெரிந்தது. இவை வாழ்நாள் முழுவதும் தாங்கும் பொருள்கள் அல்ல. சிலிகான் வைத்தவர்கள் ஐந்தாறு ஆண்டுகள் ஆனதும் ஒருமுறையும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து உள்ளே கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்த அமெரிக்க நிர்வாகத்தின் பரிந்துரை. சீட்டுக் கட்டும்போது அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறீர்களா?

மஞ்சக்குப்பத்தாள், கடலூர்:

இல்லை, அதைக் கணக்கிடவே இல்லை. புதிய சீட்டு ஒன்றில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

சென்ற சனிக்கிழமை புதுச்சேரி மருத்துவரிடம் மறுபடியும் சென்றேன். இந்த முறை கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்; அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டு, முன்பு எடுத்த அளவுகளைப் படித்துக் காட்டினார். அடியகலம் இருபுறமும் 11.5 செ.மீ.; மேற்பகுதிக் கிள்ளல் 1.6 செ.மீ.; தோல் இழுவை வலதில் 2.5, இடதில் 3. மேற்பாதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பாதி சுரப்பிக்கு அடியிலுமாக, வழவழப்பான வட்ட இம்பிளாண்டை, மடிப்பில் கீறல் போட்டு வைப்பதாகச் சொன்னார். வலதில் 275, இடதில் 300 என்று தொடங்கி, அரங்கில் நிமிர்த்திப் பார்த்து, 11.5ஐ மீறாத வகையில் ஒரு படி மாற்ற இடம் விட்டு எழுதியிருக்கிறார். இடது காம்பைப் பற்றிக் கேட்டபோது, இப்போதைக்கு உயர்த்த வேண்டியதில்லை, ஆனால் இரண்டும் துல்லியமாக ஒரே மட்டத்தில் வரும் என்று தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

சென்னை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். தளர்ந்த தோலை நிரப்பி, உயர்த்தும் தழும்பு இல்லாமல் முடிக்கவே 350 சொன்னதாக அவர் மறைக்காமல் சொன்னார், 11.5 செ.மீ. அகலத்துக்குள் 350 வேண்டுமானால் முன்தள்ளல் மிக அதிகமான வகையைத்தான் எடுக்க வேண்டும் என்றும், அது என் மெல்லிய சதையில் பந்து போலத் தெரியலாம் என்றும் அவரே சொன்னார். ஆக, தாதியம்மா ஊகித்த இரண்டுமே உண்மையாக இருந்திருக்கின்றன.

பள்ளிக் கோடை விடுமுறை தொடங்கியதும் மே முதல் வாரத்தில் நாள் கேட்டிருக்கிறேன். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது என்பதால் இளையவனை இடுப்பில் தூக்குவதையும் குடத்தில் தண்ணீர் எடுப்பதையும் மாமியார் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் மார்பக ஸ்கேன் ஒன்று எடுத்துவரச் சொன்னார்கள்; வரும் வெள்ளிக்கிழமை போகிறேன்.

உப்புக்காற்று, அரியாங்குப்பம்:

அறுவை முடிந்து ரெட்டிச்சாவடி வழியாக வீடு திரும்பும்போது பேருந்தில் வேண்டாம். வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள். இருக்கைப் பட்டை மார்பில் அழுந்தாமலிருக்க நடுவே ஒரு சிறிய தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை இரண்டாவது முறைதான் கற்றுக்கொண்டேன்.